ஐம்பத்தேழு அடுப்பு

பொய் சொன்னாலும் ஒற்றுமையாகச் சொல்ல வேண்டும் என்பது அவிப்புத் தெருக்காரர்களின் கொள்கை. வாய்க்கால்பாலம் யூனியன் ஆபீசிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிக் கடைசியில், வீட்டுவரிக்குக் கணக்கெடுக்க ஆள் வருவான். ஒரு கூரைக்குள் எத்தனை சோற்றடுப்போ அத்தனை வீடு என்பது சட்டம். அடுப்புக்கு எட்டணா வரி. கணக்கெடுக்கிறவன் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே தெருவுக்குச் சேதி வந்துவிடும். உடனே ஐம்பத்தேழு அடுப்பில் இருபத்து மூன்று அணையும். தண்ணீர் தெளித்து, சாம்பலை அள்ளி, அடுப்புமேல் கோழிக்கூடையைக் கவிழ்த்துவிட்டால் வேலை தீர்ந்தது. அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காகப் பிரிந்து கிடப்பார்கள். ஆனாலும் அந்த ஒரு நாழிகைக்கு எல்லாரும் ஒரே பானையில் தின்கிறவர்கள். "ஒத்தக் குடும்பந்தான் ஐயா, ஒரே உலைதான்" என்று சிறுபிள்ளைகள்கூடச் சொல்லும். ஆபீஸ் புஸ்தகத்தில் முப்பத்து நாலு வீடு என்று ஏறும்.

இதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எட்டணா என்பது ஒரு பொம்பளையின் நாலு நாள் உழைப்பு. அந்த உழைப்பைப் பார்த்தவனுக்கு வரி கேட்க வாய் வராது. நெல் வியாபாரி ராவுத்தரின் கிட்டங்கியிலிருந்து நெல்லை வாங்கி, தொட்டியில் ஊறப்போட்டு, விடியுமுன்னே கொப்பரையில் அவித்து, களத்தில் விரித்துக் காலால் கிளறிக் காயவைத்து, உரலில் குத்தி, புடைத்து, அரிசியாக அளந்து கொடுக்க வேண்டும். கூலி போக உமியும் தவிடும் அவர்களுக்கு. உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்காரனுக்கு. புழுங்கல் நெல்லின் ஆவி அந்தத் தெருவில் எந்நேரமும் நிற்கும். ஆனியில் சாரல் பிடித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், மேற்கே மலையைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கும்.

ரயில் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஸ்டேஷனுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, ஒரு காலத்தில் நாய்கூடப் படுக்காத மண்ணில்தான் அவிப்புத் தெரு இருந்தது. இப்போது அந்த மண்ணுக்கு விலை ஏறிவிட்டது. யூனியன் சேர்மன் காந்திமதிநாத பிள்ளை ஒரு கணக்குப் போட்டார். தெரு முழுக்கச் சேர்ந்து வருஷத்துக்குப் பதினேழு ரூபாய் வரி தருகிறது. அதே இடத்தில் நாற்பது கடை கட்டி, கடைக்கு மாசம் ஒரு ரூபாய் வாடகை என்று விட்டால் வருஷத்துக்கு நானூற்று எண்பது. பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேட்டாலும் எது பெரிசு என்று சொல்லிவிடுவான். தெருவை ரயில் பாதைக்கு அந்தப்புறம் இருக்கிற பொட்டலுக்கு மாற்றிவிடலாம், மனையும் இலவசம், ஒவ்வொன்றும் ஒன்றரை சென்ட் என்று தீர்மானம் நிறைவேறியது. புஸ்தகத்தில் உள்ள வீட்டுக்கு ஒரு மனை.

தண்டோராக்காரன் வந்து முப்பத்து நாலு பேரை வாசித்தான். கோழிக்கூடைக்கு அடியில் மறைந்த இருபத்து மூன்று வீடும் அதில் இல்லை.

மாரிக்கண்ணு பேர் இருந்தது. அவன் தம்பி சங்கிலிபூதத்தான் பேர் இல்லை. இருவரும் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள். ஒரே கூரையில், நடுவில் ஒரு தட்டி வைத்து, ஆறு வருஷமாகத் தனித்தனியாகப் பொங்கித் தின்கிறார்கள். அண்ணன் பெண்டாட்டி பேச்சித்தாயும் தம்பி பெண்டாட்டி செல்லக்கிளியும் அந்த ஆறு வருஷத்தில் ஒருத்திக்கொருத்தி நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நெல் அவிக்கிற கொப்பரை ஒன்றுதான், களமும் ஒன்றுதான். இன்றைக்கு ஒருத்தி அவித்தால் நாளைக்கு மற்றவள். முறை மாற வேண்டுமென்றால் கோழியிடமோ குடத்திடமோ சொல்லுவார்கள். மற்றவள் காதில் விழுந்துவிடும்.

"நமக்கு மனை இல்லையாம்லா" என்றாள் செல்லக்கிளி, புருஷனுக்குப் பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டே.

சங்கிலிபூதத்தான் மிளகாயைக் கடித்தான். "அண்ணன் மனையில ஒரு ஓரமா கெடந்துக்கிட வேண்டியதான்."

"ஒன்றரை சென்ட்ல ஓரம் ஏது? அவுகளுக்கு நாலு பிள்ள, நமக்கு மூணு. நின்னுக்கிட்டே தூங்கவா?"

"என்னை என்னளா செய்யச் சொல்லுத? வரிக்காரன் வந்தப்ப அடுப்பு மேல கோழிக்கூடையக் கவுத்துனது நானா நீயா?"

கவிழ்த்தது அவள்தான். வருஷா வருஷம் எட்டணா தப்பியது என்று சிரித்ததும் அவள்தான்.

நாலாம் நாள் யூனியன் ரைட்டர் நேசையா தெருவுக்கு வந்தார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். வெள்ளை வேட்டியும் மூடுகோட்டும் குடையுமாக வருவார். தெரு மாற்றத்துக்கு டிப்டி கலெக்டர் சம்மதம் வேண்டுமாம். மாற்றினால் ஜனங்களின் பிழைப்புக்கு என்ன ஆகும் என்று ஒரு அறிக்கை எழுதச் சொல்லியிருந்தாராம். பிள்ளைவாள் அதை ஒரு பக்கத்தில் முடிக்கச் சொன்னார். நேசையாவுக்கு ஒரு பக்கத்தில் எதையும் முடிக்கத் தெரியாது. அதுதான் அவருக்கு ஆபீசில் உள்ள கெட்ட பேர்.

அவர் கேட்கக் கேட்க, செல்லக்கிளி உலக்கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு நீங்க எத்தனை மரக்கால் நெல்லு குத்துதீங்கம்மா?"

"பன்னெண்டு. வெயில் நல்லா இருந்தா."

"இருபது குத்த முடியுமா?"

"முடியும். குத்திட்டு நேரா சுடுகாட்டுக்குப் போயிரலாம். என்னத்துக்குக் கேக்கீக?"

நேசையா குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "ராவுத்தர் கிட்டங்கியில பாத்தேன். இந்தத் தெருவுல இருந்து நாளொண்ணுக்கு எழுநூறு மரக்கால் நெல்லு அரிசியாப் போவுது. முப்பத்தினாலு வீடுன்னா வீட்டுக்கு இருபது மரக்கால் வருது. நீங்க பன்னெண்டுதான் முடியும்ங்கிறீங்க. எல்லா வீட்டுலயும் கேட்டேன், எல்லாரும் பன்னெண்டுதான் சொல்லுதாங்க. பன்னெண்டுன்னா ஐம்பத்தெட்டு வீடு இருக்கணும்மா. மீதியை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

உலக்கை நின்றது. செல்லக்கிளிக்கு முதலில் பயம். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. அரிசியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தாள். காட்டிக்கொடுத்ததும் நல்லதற்குத்தானோ என்றும் நினைத்தாள்.

"அம்பத்தேழு" என்றாள். "ஒளிக்கல்ல ரைட்டரையா, இன்னா இந்தக் கோழிக்கூடைக்கு அடியிலதான் இருக்கு."

நேசையா சிரிக்கவில்லை. "பொட்டல்ல அறுவது மனை அளந்திருக்கு. உங்களுக்கு முப்பத்தினாலு போக மீதி இருபத்தாறையும் ஏலம் விடப்போறாங்க. ரயில்வே பாபுமார் முப்பது முப்பது ரூபாய்க்கு எடுக்கத் தயாரா இருக்காங்க. ஐம்பத்தேழு கொடுத்தா ஏலத்துக்கு மூணுதான் மிஞ்சும். புரியுதா? நீங்க சொன்ன பொய்யில பிள்ளைவாளுக்குக் கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய் லாபம்."

"அப்பம் நாங்க நெசத்தச் சொன்னா?"

"ஆறு வருஷத்து வரிப் பாக்கி கட்டணும். அடுப்புக்கு மூணு ரூபாய். மனு நான் எழுதித் தாரேன். நீங்கதான் கைநாட்டு வைக்கணும். பொய் சொன்னோம்னு ஒத்துக்கிடணும்."

செல்லக்கிளி பெருவிரலை மையில் அழுத்தி மனுவில் வைத்தாள். ஸ்டேஷன் பங்களாவில் தங்கியிருந்த டிப்டி கலெக்டர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, வியாழக்கிழமை காலை சமையல் நேரத்தில் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சேதி தெருவுக்குள் போனது. ஐயோ, அன்றைக்கு அவள் வாங்கிய பேச்சு! பட்டியலில் பேர் இருக்கிற மூத்தவர்களெல்லாம் அவள் வாசலில் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றது மாரிக்கண்ணு.

"ஏளா செல்லக்கிளி, எங்க எல்லாரையும் சேத்து செயிலுக்கு அனுப்பிட்டு நீ மட்டும் மாளிகை கட்டப் போறியோ? சர்க்காரை ஏச்சோம்னு எழுதிக் குடுத்திருக்கியாமே!"

"ஏச்சது நெசந்தான அத்தான்? எழுதுனா என்ன தப்பு?"

"ஒம் புருசன் எங்க? ஏலே பூதத்தான்! பொண்டாட்டிய அடக்கத் தெரியாதால ஒனக்கு?"

சங்கிலிபூதத்தான் உள்ளேயிருந்து, "அவ சொன்னாக் கேக்கமாட்டா. நீரே அடக்கிப் பாரும்" என்றான். சொல்லிவிட்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் செய்த தைரியம் அவ்வளவுதான். அதுவும் அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மனை இல்லாத இருவத்து மூணு வீட்டுப் பிள்ளைகளும் எங்க போவும், சொல்லுங்க அத்தான். வியாழக்கெழம நான் அடுப்பு பத்த வைக்கத்தான் போறேன். ஒத்தையா நின்னாலும் பத்த வைப்பேன்."

காறித் துப்பிவிட்டு எல்லாரும் போனார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோற்று உலைக்குத் தீ எரிக்கிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

மறுநாள் அவியல் முறை அவளுடையது. பேச்சித்தாய் பத்தடி தள்ளி உரலில் குத்திக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி கொப்பரைக்குள் துடுப்பை விட்டுக் கிண்டிக்கொண்டே கொப்பரையிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஏ கொப்பர, கேட்டியா சேதி. ஒன்றரை சென்ட்ல குடிச ஒரு சென்ட்டத் தின்னுரும். மிச்சம் அரை சென்ட். அதுல ஒன்னய வைக்கணும், தொட்டி வைக்கணும், உரலு போடணும், உமியக் கொட்டணும். எல்லாம் வச்சாச்சு. இனி அவிச்ச நெல்ல எங்கன காயப்போட? கூரை மேலயா?"

பேச்சித்தாய் உலக்கையை ஓங்கிப் போட்டாள். உலக்கையிடம் பேசினாள். "ஒலக்கையே, பொட்டல்ல ஒரு மரங்கூடக் கெடையாது. வெயிலுக்கு என்ன பஞ்சம்? வீதியில விரிச்சுட்டாப் போச்சு."

"வீதியில விரிச்சா நாலணா அபராதம்னு ரைட்டரையா சொல்லுதாரு, கொப்பர. வாய்க்காலும் இப்பம் மாதிரி கொல்லப்பக்கம் இல்ல. பாதயத் தாண்டித் தண்ணி சுமக்கணும். தண்ணி சுமந்து, எடமும் இல்லாம, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு மரக்கா குத்துனா ராவுத்தரு நெல்லு குடுப்பாராக்கும்? ஒத்த மனைக்காரி அடுத்த வருசம் நாத்துப் பறிக்கத்தான் போவா. பாத்துக்கோ."

உலக்கை நின்றது. பேச்சித்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கேட்கவில்லை என்பதுபோல மலையைப் பார்த்தாள்.

"ரெண்டு மனை அடுத்தடுத்துக் கெடச்சுதுன்னு வையி, கொப்பர. நீயும் தொட்டியும் உரலும் ஒரு பக்கம். அடுத்த பக்கத்து அரை சென்ட்டும் முழுசா களம். இன்னைக்கு ஒருத்தி, நாளைக்கு ஒருத்தி. ரெண்டு பேருக்கும் பொழப்பு நிக்கும். எனக்கு யாரு மூஞ்சியும் வேண்டாம். களந்தான் வேணும்."

பேச்சித்தாய் உலக்கையிடம் கேட்டாள். "மூணு ரூவாய்க்கு எவ எங்க போவா?"

"என் தாலியில ரெண்டு குண்டுமணி தங்கம் தொங்குது, கொப்பர. அது பாத்துக்கிடும்."

உலக்கை மறுபடி விழத் தொடங்கியது. செல்லக்கிளி நெல்லை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனாள். சாரல் விழுமோ என்ற கவலை வேறு.

வியாழக்கிழமை விடிந்ததும் மேற்கே கருத்திருந்தது. டிப்டி கலெக்டர் தலைப்பாகையும் பூட்சுமாக, தெருச் சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். பின்னால் காந்திமதிநாத பிள்ளை, அவர் பின்னால் நோட்டுப் புஸ்தகத்தோடு நேசையா. செல்லக்கிளி தன் அடுப்பை மூட்டி உலை வைத்திருந்தாள். தெருவில் எட்டிப் பார்த்தாள். மறைந்திருந்த இருபத்து மூன்றில் பதினொன்றுதான் புகைந்தது. மற்றப் பன்னிரண்டு பேரும் மூத்தார்களுக்குப் பயந்து கோழிக்கூடையை எடுக்கவில்லை. பதினொன்றாச்சும் புகைந்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பிள்ளை அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். "எஜமான் கவனிக்கணும். மூணு கல்லும் ஒரு பானையும் இருந்தா அரை நாழிகையில அடுப்பு. இலவச மனைன்னா இவங்க முந்நூறு அடுப்புகூடப் பத்த வைப்பாங்க."

டிப்டி கலெக்டர் யோசித்தார். "அதுவும் நியாயம்தான். ஏம்மா, இந்த அடுப்பு நேற்றுப் போட்டதில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"அரிசிக் கணக்கு இருக்கு, எஜமான்" என்றார் நேசையா.

"அரிசி, குத்துகிற கையைக் காட்டும் ஓய். அடுப்பைக் காட்டாது. ஒரே வீட்டில் நாலு பொம்பளை குத்தலாமே."

இதைச் செல்லக்கிளி நினைக்கவில்லை. இத்தனை நாள் அடுப்பை மறைப்பதைப் பற்றியே யோசித்த தெரு அது. இருக்கிற அடுப்பை இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

பிள்ளை மாரிக்கண்ணு பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடே. வீடு உன் பேர்லதான இருக்கு. எல்லாரும் ஒரே குடும்பந்தான?"

மாரிக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கினான். வருஷா வருஷம் சொல்லிப் பழகிய வாய். "ஆமாங்க எசமான். ஒத்தக் குடும்பந்தான். ஒரே உலைதான்."

"எவன் சொன்னது?"

தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து பேச்சித்தாய் அகப்பையோடு வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. நேராகச் செல்லக்கிளியின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"இவகூட ஒரே உலையா? இவ தின்ன பானைய நான் தொடுவனா? பிள்ளப் பெத்த வயித்தோட இருக்கான்னு பாத்துப் பாத்து வடிச்சுக் கொட்டுனேன். தெரு பூரா போயி என்னளா சொன்ன நீ? குருணக்கஞ்சி ஊத்துனான்னு சொன்னியா இல்லியா?"

"ஊத்துனீகளா இல்லியா?" செல்லக்கிளியும் குரலை உயர்த்தினாள். "பச்ச ஒடம்புக்காரி எனக்குக் குருண. உள்ள மண்பானையில முழு அரிசி. நான் கண்ணால பாத்தேன்!"

"கண்ணால பாத்தா! அந்த அரிசி எங்க போச்சுன்னு பாத்தியா? ராவுத்தர் மூடையில ரெண்டு படி கொறஞ்சு கெடந்துது. அளவு கொறஞ்சா அடுத்த நெல்லு கெடையாதுன்னாரு. அதுக்கு அளந்து போட்டேன். எம் பிள்ளைகளும் அன்னைக்குக் குருணதாம்ளா குடிச்சுது!"

"அதச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா? கேக்காமலே அடுப்ப இழுத்துக்கிட்டுப் போனவதான நீ! நான் வலிய வந்து சொல்லணுமோ?"

"ஆறு வருசமா சொல்லல! எம் மக பேச்சு படிச்சு, நடக்கப் படிச்சு... அக்கான்னு ஒரு வார்த்த கூப்பிட விட்டீகளா என்னய?" என்று கத்திய செல்லக்கிளி, அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். பேச்சித்தாய் மூக்கைச் சிந்தினாள், ஆனால் விடவில்லை. தொலைந்துபோன ஒரு புடைக்கிற சொளகு, கொடுக்காமல் போன ஒரு கல்யாணச் சேலை, எருமைச் சாணி என்று ஆறு வருஷத்தையும் வரிசையாக இழுத்துப் போட்டாள். செல்லக்கிளியும் சளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாசமும் கிழமையும் சொன்னாள். மாரிக்கண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

பிள்ளை இருமினார். "எஜமான், இதெல்லாம் சொல்லிக் கொடுத்த நாடகம்."

"பிள்ளைவாள்" என்றார் டிப்டி கலெக்டர், "எனக்கும் சம்சாரம் உண்டு, தம்பியும் தம்பி சம்சாரமும் உண்டு. இதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. ரைட்டர், இரண்டு அடுப்பு என்று எழுதும்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த வாசலில் ஒருத்தி கோழிக்கூடையைத் தூக்கி எறிந்தாள். எதிர் வாசலில் ஒருத்தி தன் ஓரகத்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கம்மலைப் பற்றிக் கேட்டாள். தெரு முழுக்கச் சண்டை பற்றிக்கொண்டது. பழைய சண்டை, புதுச் சண்டை, செத்துப்போனவர்கள் போட்ட சண்டை. நேசையா வாசல் வாசலாக ஓடி எழுதினார். ஒரே ஒரு வீட்டில்தான் கணக்கு உதைத்தது. அங்கே இருவரும் போன மாசம்தான் சமாதானமாகி, ஒன்றாகப் பொங்கத் தொடங்கியிருந்தார்கள். எதற்காகப் பிரிந்தோம் என்றே நினைவில்லாமல் ஒருத்தி சிரித்துவிட்டாள். நேசையா மனசில்லாமல் அதைக் கணக்கிலிருந்து அடித்தார். ஒற்றுமைக்கு ஒரு மனை நஷ்டம். மொத்தம் ஐம்பத்தாறு.

டிப்டி கலெக்டர் களத்துமேட்டில் நின்றபடியே உத்தரவு சொன்னார். ஐம்பத்தாறு மனை. பாக்கி வரியை ஆடிக்குள் கட்ட வேண்டும். பொட்டலில் யூனியன் செலவில் ஒரு கிணறு வெட்டும்வரை ஒரு வீட்டையும் பிரிக்கக் கூடாது. பிள்ளை வாயைத் திறந்தார். "உம்முடைய நாற்பது கடைக்கும் அரிசி இந்தத் தெருதான் குத்துகிறது ஓய். இவர்கள் நாற்று நடப் போனால் கடையில் என்ன விற்பீர்?" என்று கேட்டார் அதிகாரி.

மழை இறங்கத் தொடங்கியது. நேசையா நோட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, குடைக்குக் கீழே நின்று கேட்டார். "மாரிக்கண்ணு வீட்டுக்கு ஒண்ணு, சங்கிலிபூதத்தான் வீட்டுக்கு ஒண்ணு. தெருவுக்கு இந்தக் கோடி ஒண்ணு அந்தக் கோடி ஒண்ணுன்னு போட்டுரவா? இன்னைக்குப் பாத்ததுக்கு அதுதான் நல்லதுன்னு தோணுது."

"என்ன பேசுதீரு ரைட்டரையா!" என்றாள் பேச்சித்தாய். "அடுத்தடுத்துப் போடும். நடுவுல வேலி கீலி எழுதிராதையும். களம் ஒண்ணு."

"அடுப்பு?"

பேச்சித்தாய் செல்லக்கிளியைப் பார்த்தாள்.

"அடுப்பு ரெண்டுதான்" என்றாள் செல்லக்கிளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அழுத்தி எழுதும் ரைட்டரையா. அதுக்குத்தான் மூணு ரூவா கட்டுதோம்." பிறகு, "அக்கா, நெல்லு நனையுது" என்றாள். இருவரும் ஆளுக்கொரு பாய் முனையைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு ஓடினார்கள்.